வெற்றுத் திரையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பவை

நண்பர்களே, வணக்கம்.

இசை மென்பொருள் எதையாவது திறந்து புதுக் கோப்பு ஒன்றைத் தொடங்குங்கள். திரை காலியாகத்தான் தெரியும். ஆனால் அதற்குள் பல முடிவுகள் எடுத்து முடிந்தாயிற்று. வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 துடிப்பு. தாளம் நாலுக்கு நாலு. ஒரு சுற்றுக்கு 16 கட்டம். ஸ்தாயிக்கு 12 சமத் துண்டு. ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். மவுஸால் வைக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே அழுத்தம். இதில் எதையும் நீங்கள் கேட்டு வாங்கவில்லை. தயாரித்தவர் ஒரு சராசரிப் பயனரை மனத்தில் வைத்து நிரப்பிய படிவம் அது.

எலக்ட்ரானிக் இசையில் எதையும் செய்யலாம் என்கிறார்கள். ஆயிரம் ப்ரீசெட்டும் (தயாராக வைத்த ஒலி அமைப்பு) நூறு ப்ளகினும் (மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) இருப்பதைத்தான் பலரும் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் படிவத்தில் எந்த வரியை அடிக்கலாம், அடித்தால் என்ன உடையும் என்று தெரிந்தவருக்குத்தான் இங்கே கை வீச இடம் உண்டு. அந்த வரிகளில் சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு இயந்திரம். ரோலண்ட் டிபி-303 கிதார் வாசிப்பவருக்கு பேஸ் (கீழ் சுர) துணை கொடுக்கச் செய்த பெட்டி. அந்த வேலைக்கு அது சரிப்படவில்லை. 1984இல் தயாரிப்பே நின்றது. ஆனால் 1982லேயே மும்பையைச் சேர்ந்த சரண்ஜித் சிங் அதையும் டிஆர்-808 தாளப் பெட்டியையும் வைத்து ராகங்களை வாசித்துப் பதிவு செய்திருந்தார். சிகாகோவில் ஃபியூச்சர் குழு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 303இன் ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும்) திருகுகளைத் திருகி, 1987இல் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகைக்கே வழி திறந்தது. இருவரும் பெட்டிக்குள் கை வைக்கவில்லை. அதில் ஸ்லைடு போட்ட சுரம் புதிதாகத் தாக்காமல் முந்தைய சுரத்திலிருந்து வழுக்கி வரும். ராகம் வாசிப்பவர் காதுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு முறை அமைத்துவிட்டு மறந்துவிட வேண்டிய திருகை வாத்தியமாகப் பிடித்தது சிகாகோக்காரர்கள் செய்த வேலை.

இப்போது ஒலிக்கு வருவோம். இதில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் பெரும்பாலோர் ப்ரீசெட் தேடியே ராத்திரியைக் கழிப்பது இங்கேதான்.

ஒரு கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கரண்டியால் தட்டிப் பதிவு செய்யுங்கள். மைக் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். ஒட்டி வைத்தால் தட்டும் அந்தக் கணத்திலேயே அளவு மீறி ஒலி உடையும். மீட்டரின் உச்சி -12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். முன்னால் இருக்கும் மௌனத்தை வெட்டும்போது, அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கூடவே வரும். தொடக்கத்தில் ஃபேட் (ஒலி படிப்படியாக ஏறுவதும் இறங்குவதும்) 1 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது, தட்டின் கூர்மையே மழுங்கிவிடும். வால் பக்கம் தாராளமாக 50 மில்லிசெகண்ட் விடலாம்.

இதைச் சாம்ப்ளரில் (பதிந்த ஒலியை வாத்தியமாக வாசிக்க வைக்கும் கருவி) ஏற்றி 24 அரைச் சுரம், அதாவது இரண்டு ஸ்தாயி, கீழே இறக்குங்கள். நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் ஸ்ட்ரெட்ச் முறை வேண்டாம். டேப் மெதுவாக ஓடுவது போன்ற சாதாரண முறை போதும். வேகம் கால்வாசியாகும், ஒரு விநாடி ஒலி நான்கு விநாடியாகும், குவளை கோயில் மணியாகிவிடும். கூடவே ஒரு நஷ்டமும் உண்டு: 20,000 ஹெர்ட்ஸில் இருந்த மினுமினுப்பு 5,000க்கு வந்துவிடும், அதற்கு மேலே ஒன்றும் இருக்காது. 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் இது தீரும் என்பார்கள். மைக்குக்கு 20,000க்கு மேல் காது கேட்காது என்றால் அந்தக் கூடுதல் இடத்தில் நிரம்புவது வெறும் இரைச்சல்தான்.

அடுத்தது சுருதி. குவளையின் முதன்மை அதிர்வு 1,800 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்தாயி இறங்கினால் 450. அது ஏ சுரத்துக்கு 39 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒன்று ஒரு சென்ட்) மேலே நிற்கும், எந்தக் கட்டைக்கும் பொருந்தாது. பழக்கப்பட்ட கை உடனே குவளையை 39 சென்ட் இறக்கும். அதைவிட, மற்ற சிந்தசைஸர்களின் மாஸ்டர் ட்யூனை (மொத்தச் சுருதி அமைப்பு) 39 சென்ட் ஏற்றிப் பாருங்கள்; பாட்டே குவளையின் சுருதிக்கு வந்துவிடும். ஆனாலும் சிக்கல் முழுதும் தீராது. கண்ணாடியின் மேல் அதிர்வுகள் தந்தியைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரிசையில் வருவதில்லை. அதன் மேல் ஒரு சாதாரண கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வைத்தால் இரண்டும் உரசும். ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்பது) காட்டும் ப்ளகினைத் திறந்து முகடுகளைப் படியுங்கள். உதாரணத்துக்கு 450, 1,040, 1,890 என்று மூன்று இருந்தால், ஒரு ஸ்தாயி கீழே 225, 520, 945 ஹெர்ட்ஸில் மூன்று சைன் அலைகளைப் போடுங்கள். எந்த விசைப்பலகையிலும் இல்லாத கார்டு அது, ஆனால் குவளையோடு உரசாது. உரசல்தான் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், தெரிந்து வைத்தால் தப்பே இல்லை.

தாளக் கட்டம் இதைவிடச் சுலபமாக உடையும். தாளம் 16 கட்டத்தில் சுற்றட்டும், பேஸ் வரியை மட்டும் 15 கட்டமாக்குங்கள். இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 240 கட்டம் ஆகும். 120 வேகத்தில் 30 விநாடி. எழுதியது ஒரே ஒரு வரி, கேட்பவருக்கு அது ஒவ்வொரு சுற்றும் வேறாகக் கேட்கும். பல மென்பொருள்களில் க்ளிப்பின் லூப் நீளத்தை ஒரு கட்டம் குறைத்தாலே இது நடந்துவிடும். பேஸ் கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) மேல் விழும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் சில சுற்றுகளில் அடிப்பகுதி குமுறும். கிக் அடிக்கும்போது பேஸை 3, 4 டெசிபெல் தாழ்த்தும்படி சைட்செயின் போட்டால் அடங்கும்.

ஸ்விங் பற்றி ஒரு வார்த்தை. ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் வந்த எம்பிசி60 தாள-சாம்ப்ளர் பெட்டி காலத்திலிருந்து கணக்கு ஒன்றுதான்: இரண்டிரண்டு கட்டமாகப் பிரித்து, இரண்டாவதைத் தாமதப்படுத்துவது. 120 வேகத்தில் அந்த ஜோடி 250 மில்லிசெகண்ட். 50 சதம் என்றால் இரண்டாவது தட்டு 125இல், 58 சதம் என்றால் 145இல் விழும். இதற்குப் பதிலாக ஹ்யூமனைஸ் பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. அது ஒவ்வொரு தட்டையும் கண்டபடி முன்னும் பின்னும் தள்ளும். நல்ல வாத்தியக்காரர் தாமதித்தால் ஒரே மாதிரி தாமதிப்பார். கண்டபடி தள்ளினால் கிடைப்பது தூக்கக் கலக்கத்தில் வாசிப்பவர்தான்.

கமகம் வேண்டும் என்பவர்களுக்கு: பிட்ச் பெண்டின் (சுருதியை வளைக்கும் கட்டுப்பாடு) வீச்சு பெரும்பாலும் மேலும் கீழும் 2 அரைச் சுரம். 16,384 படிகள் இருப்பதால் வழுக்கலில் படிக்கட்டு தெரியாது. தவறு வேறு இடத்தில் நடக்கும். ஒரு சிந்தில் 2 என்று வைத்து வரைந்த வளைவை, 12 என்றிருக்கும் இன்னொரு சிந்துக்கு அனுப்பினால் அசைவு ஆறு மடங்காகி ஊளையிடும். இன்னொன்று, சாதாரண மிடியில் (வாத்தியங்களுக்கிடையே சுரக் கட்டளை அனுப்பும் முறை) பெண்ட் ஒரு சானல் முழுவதையும் வளைக்கும். மெட்டும் சுருதியும் ஒரே சானலில் இருந்தால் ஆதார ஷட்ஜமே கூடச் சேர்ந்து ஆடும். தம்பூரா ஆடினால் கச்சேரி என்னாவது! சுருதியைத் தனி சானலுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, எல்லையை நீங்களே போட்டுக்கொள்வது. 1987இல் வந்த எஸ்பி-1200 தாளப் பெட்டியில் சாம்ப்ளிங்குக்கு மொத்தமே சுமார் 10 விநாடிதான் இடம். அதை மிச்சப்படுத்த 33 வேக இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, உள்ளே ஐந்து அரைச் சுரம் போல இறக்கினார்கள். அந்தப் பெட்டியின் ஒலிக்கே உரிய சொரசொரப்பு அப்படி வந்தது. இப்போது அதைப் போலி செய்யத் தனி ப்ளகின் விற்கிறார்கள். ப்ளகின் வாங்காமலே அந்தக் கட்டாயத்தை மட்டும் கடன் வாங்கலாம்: ஒரு பாட்டுக்கு 10 விநாடி மூல ஒலி, நான்கு ட்ராக், ஒரே ஒரு டிலே (எதிரொலிக் கருவி). டிலேயின் ஃபீட்பேக்கை (எதிரொலியில் எவ்வளவு மறுபடி உள்ளே போகிறது என்பதை) 95க்கும் 105 சதத்துக்கும் நடுவே கையால் ஏற்றி இறக்கினால் அதுவே வாத்தியமாகும். அந்த எதிரொலிச் சுழலுக்குள், கீழ் ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஒன்றை 150 ஹெர்ட்ஸில் வையுங்கள், இல்லாவிட்டால் கீழ் ஒலி குவிந்து மற்றதையெல்லாம் விழுங்கும். வெளியே, ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரைத் தாழ்வாக வைத்துத் தொடங்குங்கள். 100ஐத் தாண்டியதும் ஒலி நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் ஏறும்.

நன்றாக வந்த சுற்றை அப்போதே ஆடியோவாக இறக்கி, 24 பிட்டில், ட்ராக் ட்ராக்காகச் சேமித்துவிடுங்கள். கையால் திருப்பிய திருகு இரண்டாம் முறை அதே இடத்தில் நிற்காது. மென்பொருளின் அடுத்த பதிப்பில் அந்த ப்ளகின் திறக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.