சிமிட்டும் ஆட்டக்காரர்களுக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பேஸ்பால் வீடியோ விளையாட்டில் பெரிதும் இன்பம் தருவது பழைய கன்சோலா, புதிய கன்சோலா?’ என்ற தலைப்பில் பழைய கன்சோலின் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், பழைய விளையாட்டில் ஆட்டக்காரர்கள் பேய்களைப் போலத் தோன்றித் தோன்றி மறைகிறார்கள் என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போனார். அதில் பாதியை அவர் திருப்பித் தர வேண்டும். நிண்டெண்டோவின் பழைய என்.இ.எஸ். கன்சோலின் படச்சில்லு, திரையின் ஒரு கிடைவரியில் 8 ஸ்பிரைட்டுகளுக்கு மேல், அதாவது அசையும் சிறு படத்துண்டுகளுக்கு மேல், காட்டாது. ஒவ்வொன்றின் அகலமும் 8 புள்ளிகள்தாம் என்பதால், ஒரே வரியில் கூட்டம் சேர்ந்தால் யாரேனும் விடுபட்டே தீர வேண்டும். அன்றைய நிரலாளர்கள் ஒருவரையே ஒளித்துவைக்காமல், திரையில் ஒரு கணம் நிற்கும் இந்தச் சட்டகத்தில் இவர், அடுத்த சட்டகத்தில் அவர் என்று முறை வைத்தார்கள். தோழரே, நீங்கள் பேய் என்றது பங்கீடு!

அந்தப் பங்கீட்டை என் அக்காவிடமும் கண்டேன். பேஸ்பால் விதி எதுவும் அறியாத அவரிடம், எறியும்போது திசைப்பொத்தானில் வலம் முதல் தளம், மேல் இரண்டாம் தளம், இடம் மூன்றாம் தளம், கீழ் ஹோம், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் கேட்சர் குந்தியிருக்கும் இடம் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். நான் அடித்த பந்து அவர் கைக்குப் போனது. என் ஓட்டக்காரன் முதல் தளத்துக்கு ஓட, பந்தை அங்கே முந்தி அனுப்பி அவனை அவுட்டாக்க வேண்டிய அக்கா மூன்றாம் தளத்துக்கு எறிந்தார். ஏன் என்றேன். “பாவம், அவன் வெகுநேரமாகச் சும்மா நிற்கிறான்” என்றார். அடுத்து கேட்சருக்கு எறிந்தார். “இவனும் எத்தனை நேரம்தான் குந்தியிருப்பான்?” என்றார். இந்தக் கருணையைக் கண்டு ஆசை மிகுந்த என் ஓட்டக்காரன் இரண்டாம் தளத்துக்குப் பாய, வரிசைப்படி இரண்டாம் தளத்தானுக்கும் ஒரு பந்து போனது, அவுட்! மறுபடியும் சொல்கிறேன், எனக்கே இன்னும் ஆறவில்லை: மூன்றாமவனுக்கு இரக்கம், கேட்சருக்கு இரக்கம், இரண்டாமவனுக்கு இரக்கம், வெளியேறியது மட்டும் நான். இரண்டு பொத்தானும் ஒரு திசைக்கட்டையும் இருந்தால் போதும், விதி தெரியாதவரும் வெல்லலாம். புதிய கைப்பிடியில் பொத்தான்களை எண்ணி முடிப்பதற்குள் அக்கா எழுந்து போயிருப்பார்.

மணி அடிக்கிறது, இன்னும் ஒன்றே ஒன்று. 1988-இல் டெங்கன் நிறுவனம் வெளியிட்ட ஆர்.பி.ஐ. பேஸ்பால் என்ற என்.இ.எஸ். விளையாட்டில் அணிகளுக்கு ஊர்ப்பெயர்தான் உண்டு, ஆனால் ஆட்டக்காரர்களின் பெயர்கள் உண்மையானவை. பாஸ்டன் வரிசையில், முதல் தளத்தைக் காத்த பில் பக்னர் இருக்கிறார். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரின் 1986 ஆறாம் ஆட்டத்தில், உருண்டு வந்த ஒரு பந்து அவருடைய கால்களுக்கிடையே போனது. ஆட்டம் போனது, பிறகு தொடரும் போனது. அதற்கு முன் அவர் அடித்த அடிகளையெல்லாம் மறந்து, அந்த ஒரு பந்தைச் சொல்லியே பல்லாண்டு ஏசினார்கள். 2019-இல் அவர் காலமானார். இந்தக் கார்ட்ரிட்ஜைச் செருகினால் அவர் இன்றும் மட்டையோடு வந்து நிற்கிறார். பாஸ்டனின் முதல் தளத்தை நோக்கி உருளும் பந்தும் நம் விரலுக்காகக் காத்திருக்கிறது. நடுவர் அவர்களே, அந்த மனிதருக்கு அந்தப் பந்தைத் திரும்பத் தரும் பெட்டியைப் பழையது என்று ஒதுக்கித் தீர்ப்பு எழுத உங்களுக்கு மனம் வருமா?