பெயர் கேட்காத அலை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

ஒலிபரப்பு, ஒளிபரப்பு ஊடகங்களின் எதிர்காலம் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். 2025ஆம் ஆண்டில் அடுத்தடுத்து வந்த இரண்டு செய்திகளிலிருந்து தொடங்குகிறேன். ஏப்ரல் 28 அன்று, ஸ்பெயின் நேரப்படி நண்பகலுக்குச் சற்றுப் பின், ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஏறத்தாழ நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்கள் தீரத் தீர இணையமும் அழைப்புகளும் பல இடங்களில் ஓய்ந்தன. மக்கள் பேட்டரி வானொலிகளைத் தேடி வாங்கினார்கள். கார் வானொலியைச் சூழ்ந்து நின்று செய்தி கேட்டார்கள். அடுத்த மாதம் அமெரிக்காவில், தொலைக்காட்சித் திரையில் இணையவழி நிகழ்ச்சிகளைப் பார்க்கும் நேரம், வான்வழித் தொலைக்காட்சியையும் கேபிளையும் பார்க்கும் நேரங்களின் கூட்டுத்தொகையை முதன்முறையாக விஞ்சியது. நீல்சன் நிறுவனத்தின் அளவீட்டின்படி இணையவழிக்கு 44.8 விழுக்காடு, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 44.2.

முதல் செய்தியை மட்டும் சொல்பவர் பழமையை அழிவற்றது என்கிறார். இரண்டாவதை மட்டும் சொல்பவர் இரங்கற்பா பாடுகிறார். இரண்டையும் ஒருசேர விளக்க வேண்டுமானால், ஒலிபரப்பு என்னும் செயல் உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு கோபுரத்திலிருந்து அலை புறப்படுகிறது. அதை எட்டுமிடத்தில் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பிக்கு ஆகும் மின்சாரம் ஒன்றே. புதிதாக ஒருவர் பெட்டியைத் திருகும்போது நிலையத்துக்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாவதில்லை. இணையத்தின் வழி வேறு: அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பிரதி போகிறது. ஒரு கோடிப் பேர் ஒரே நேரத்தில் ஒரு விளையாட்டைப் பார்த்தால் ஒரு கோடிப் பிரதிகள் வலையமைப்பில் ஓட வேண்டும். பெருங்கூட்டம் சேரும்போது நேரலை இணையத்தில் சில வேளைகளில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்க இணையத்துக்கு நிகரில்லை. அதில் ஒலிபரப்பு போட்டியிடுவது வீண். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒன்றைச் சொல்வதற்கோ ஒலிபரப்பைப் போல எளிய வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்தப் பொறியியல் உண்மைக்குள் ஓர் அறமும் பொதிந்திருக்கிறது. இன்று நான் வலியுறுத்த விரும்புவது அதைத்தான். அலை யாருடைய பெயரையும் கேட்பதில்லை. வானொலி கேட்க யாரும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கடவுச்சொல் தர வேண்டியதில்லை. கேட்டதற்கான சுவடும் எங்கும் பதிவாவதில்லை. 2022 மார்ச்சில், கீவ் நகரின் தொலைக்காட்சிக் கோபுரம் தாக்கப்பட்ட அடுத்த சில நாட்களில், பிபிசி உலகச் சேவை உக்ரைனுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் சிற்றலையில் செய்தி வழங்கத் தொடங்கியது. காலாவதியானது என்று பலர் கைகழுவிவிட்ட சிற்றலை அது. தொலைவிலிருந்து எல்லை கடந்து வந்ததாலும், யார் கேட்கிறார்கள் என்று அறிய முடியாததாலும் அது பயன்பட்டது. நாம் எதைப் பார்க்கிறோம், எங்கே நிறுத்துகிறோம், எதைத் தாண்டிச் செல்கிறோம் என்பதையெல்லாம் செயலிகள் குறித்துக்கொள்ளும் காலத்தில், கேட்பவரை அறியாத ஊடகம் ஒன்று இருப்பது மனிதர்களின் சுதந்திரத்துக்கே ஒரு காப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. செய்தியறிக்கை தவறாக வாசிக்கப்பட்டால் எல்லோருக்கும் ஒரே தவறு கேட்கிறது. எனவே அதைச் சுட்டிக்காட்டவும் திருத்தச் சொல்லவும் முடிகிறது. அல்காரிதம் ஒவ்வொருவர் முன்னும் வெவ்வேறு செய்தியை வைக்கும்போது, என் அண்டை வீட்டாருக்கு எந்தப் பொய் சொல்லப்பட்டது என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஒளிபரப்பு மாறக் கூடாது என்று யாரும் இதைப் பொருள்கொள்ள வேண்டாம். நார்வேயை எடுத்துக்கொள்வோம். 2017இல் அந்நாடு தேசிய வானொலிகளின் பண்பலையை நிறுத்தியபோது 'வானொலி இறந்தது' என்று பலர் எழுதினார்கள். நிறுத்தப்பட்டது பண்பலை மட்டுமே. அதன் இடத்தில் வந்த டிஏபி என்னும் எண்ணிம வானொலியும் கோபுரத்திலிருந்து எல்லோருக்கும் பரவும் அலைதான். மலைகளும் கடற்கழிகளும் நிறைந்த நிலத்தில் இரண்டு வலையமைப்புகளை ஒருசேர நடத்துவது பெருஞ்செலவு. பண்பலையில் ஐந்து தேசிய அலைவரிசைகளுக்கே இடமிருந்தது, டிஏபியில் 22. சிறிய உள்ளூர் நிலையங்கள் பண்பலையிலேயே தொடர அனுமதிக்கப்பட்டன. அலையின் வடிவத்தை மாற்றுவது ஒன்று. அலையையே கைவிடுவது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டே இன்றைய விவாதங்கள் பல நடக்கின்றன.

கைவிட்டுப் பார்த்த ஒரு நிறுவனத்தின் அனுபவமும் நம் முன் இருக்கிறது. இளையோருக்கான பிபிசி த்ரீ அலைவரிசை 2016 பிப்ரவரியில் ஒளிபரப்பை நிறுத்தி இணையத்துக்கு மட்டும் சென்றது. செலவு குறையும், இளையோர் அங்கேதானே இருக்கிறார்கள் என்பது கணக்கு. ஆறு ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரி 1 அன்று, அது மீண்டும் ஒளிபரப்புக்குத் திரும்பியது. இணையத்தில் மட்டும் இருந்தால் சென்றடைய முடியாத இளையோரும் இருக்கிறார்கள் என்பது அந்த முடிவுக்குப் பின்னிருந்த காரணங்களுள் ஒன்று. 'இளையோர்' என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பவர்களுள், நல்ல இணைய இணைப்பும் ஓய்வும் உள்ளவர்கள் ஒரு பகுதியினரே.

இனி வரும் ஆண்டுகளில் போராட்டம் நடக்கப்போகும் இடம் வரவேற்பறைத் திரையின் முதல் பக்கம். முன்பு பெட்டியைப் போட்டால் ஓர் அலைவரிசை தானே வந்து நிற்கும். இன்று ஸ்மார்ட் டிவியைப் போட்டால் அதைத் தயாரித்தவர் அடுக்கிய செயலிகள் வந்து நிற்கின்றன. மக்களின் பணத்தில் நடக்கும் பொதுச் சேவை மூன்றாம் பக்கத்தின் கடைக்கோடியில் கிடந்தால், அது இருந்தும் இல்லாததுதான். இதை உணர்ந்த பிரிட்டன் 2024ஆம் ஆண்டின் ஊடகச் சட்டத்தில், பொதுச் சேவைச் செயலிகளுக்கு இத்தகைய கருவிகளில் எளிதில் கண்ணில் படும் இடம் தரப்பட வேண்டும் என்றும், குரலால் இயங்கும் ஒலிபெருக்கிகளில் வானொலி கிடைக்க வேண்டும் என்றும் விதித்தது. பிற நாடுகளும் இவ்வழியைப் பரிசீலிப்பது நல்லது.

இந்தக் காப்புகளைக் கேட்கும் உரிமை ஒளிபரப்பாளர்களுக்கு இருக்கிறதா என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினா. கூச்சலை விவாதம் என்றும், சரிபார்க்காத தகவலை முந்திவந்த செய்தி என்றும் விற்கும் அலைவரிசைக்குப் பொதுச்சொத்தான அலைக்கற்றையில் இடம் கேட்கும் தகுதி குறைவு என்பதே என் கருத்து.

அலைக்கற்றையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தொலைக்காட்சி பயன்படுத்திவந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை பல நாடுகளில் கைப்பேசிச் சேவைக்கு மாற்றப்பட்டுவிட்டது. எஞ்சிய 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி குறைந்தது 2030 வரை தரைவழித் தொலைக்காட்சிக்குக் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் முடிவெடுத்தது. 2030 தொலைவில் இல்லை. கைமாறிய அலைக்கற்றையில் புதிய வலையமைப்புகள் எழுந்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஆகவே அடுத்த முடிவு எடுக்கப்படும் மேசையில், ஏலத்தில் வரக்கூடிய தொகைக்குப் பக்கத்தில், ஏப்ரல் 28 போன்ற ஒரு நாளில் எத்தனை வீடுகளுக்குச் செய்தி எட்டாமல் போகும் என்ற கணக்கும் வைக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கைத் தயாரிக்க வேண்டியவர்கள் ஒளிபரப்பாளர்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்.