பட்டியலில் கடைசிப் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். நாடகத்தில் இளங்கலைப் பட்டம் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நடிக்கப் போறியா?" நானும் நடிக்கத்தான் போய்ச் சேர்ந்தேன்.

முதலாண்டு நாடகத்துக்குப் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் கடைசியில், ஸ்டேஜ் மேனேஜர் என்று. கையில் ஒரு தடித்த கோப்பு, பென்சில், ரப்பர். பேனா கூடாது, ஒத்திகைக்கு ஒத்திகை எல்லாம் மாறும். யார் எந்த வரியில் எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, அத்தனையும் வசனத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஏற வேண்டும். நாடகம் நடக்கும்போது ஹெட்செட்டில் "விளக்கு 14, தயார்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கணும். அப்புறம் சரியான சொல் வந்ததும் "போ". அந்தப் "போ" வராமல் விளக்குக்காரர் விரல் அசையாது. அதனால் வேறெதற்கும் அந்தச் சொல்லை ஹெட்செட்டில் உச்சரிக்கவே கூடாது.

நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்பதற்குத் தரையில் துண்டு துண்டாக வண்ண டேப் ஒட்டியிருப்பார்கள். அரங்கேற்றத்தன்று மேடையைப் பளபளவென்று கூட்டித் துடைக்கிறேன் பேர்வழி என்று, அந்த டேப்பையும் உரித்து எறிந்துவிட்டேன்! இருட்டில் நாற்காலியை ஒரு குத்துமதிப்பாக வைத்தேன். "போ" என்றேன். விளக்கு வெறுந்தரையில் விழுந்தது. நடிகர் பக்கத்தில் இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவரோ பேச்சை நிறுத்தாமல் மெல்ல எழுந்து, முகத்தில் சூடு படுகிற இடம் வரை நடந்து, அங்கே நின்று மிச்ச வசனத்தைச் சொன்னார். பார்வையாளர்கள் அதை இயக்குநரின் யோசனை என்றே நினைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். நடிக்க வருகிற ஒவ்வொரு மாணவரும் ஒரு நாடகத்துக்காவது விங்கில், அதாவது பார்வையாளர் கண்ணில் படாத மேடையோரத்தில், நிற்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், ஒன்றுக்காவது. பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்கத் தெரியாதவருக்கு மேடையில் எதிரே நிற்பவர் சொல்வதும் காதில் விழாது.

1897-இல் ரஷ்ய நாடகக்காரர்கள் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்-தன்சென்கோவும் ஒரு உணவகத்தில் சந்தித்து, தாங்கள் தொடங்கப்போகும் நாடக அரங்கு எப்படி இருக்க வேண்டும் என்று 18 மணி நேரம் பேசினார்கள். மறு ஆண்டே மாஸ்கோ கலை அரங்கு பிறந்தது. எனக்கு அத்தனை நேரமெல்லாம் கிடையாது, ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று விரல் காட்டுகிறார்கள்.

குரல் பயிற்சி, வேலை வாய்ப்பு பற்றியெல்லாம் சொல்ல நினைத்தேன். சரி, ஒன்று மட்டும். சேர்க்கைத் தேர்வில் நீங்கள் நடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தி, "இதையே கோபமில்லாமல் செய்யுங்கள்" என்று சொல்லக்கூடும். போச்சு என்று நினைக்காதீர்கள். சொன்னது காதில் விழுகிறதா என்று பார்க்கிறார்கள். வணக்கம்.