ஈரம் வீட்டோடு இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் பாட்டி ஊரில் குப்பை என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. கோடை உழவுக்கு முன்னால் தாத்தா, "இந்த வருஷம் மேலக்காட்டுக்குப் பத்து வண்டி குப்பை அடிக்கணும்" என்பார். குப்பை அடிப்பது என்றால் வயலுக்கு எரு கொண்டுபோய்க் கொட்டுவது. கொல்லையில் இருந்த பள்ளத்துக்குக் குப்பைக்குழி என்றுதான் பெயர். சாணம், அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த வைக்கோல், வாசல் பெருக்கிய சருகு எல்லாம் ஆண்டு முழுவதும் அதில் சேரும். அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போகும். சாயங்காலம் மாடு குடித்துவிடும். ஈரமான எதுவும் அந்த வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இன்று அதே வாழைக்காய்த் தோலை நாம் என்ன செய்கிறோம்? ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, நேற்றைய சோறு, டீத்தூள் சக்கை, மாத்திரை அட்டை, பால் உறை எல்லாவற்றையும் அதே பையில் திணித்து, வாயை இறுக முடிந்து வாசலில் வைக்கிறோம். அந்த முடிச்சைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவள். மக்குதல் என்பது நுண்ணுயிர்கள் சாப்பிடுவது, அவ்வளவுதான். காற்று இருந்தால் ஒருவகை நுண்ணுயிர்கள் வந்து சாப்பிட்டு, மண்வாசனை வீசும் எருவைத் தரும். காற்று இல்லாவிட்டால் வேறொரு வகை வேலையை எடுத்துக்கொள்ளும். அவை தருவது நாற்றம், புளித்த கறுப்புநீர், மீத்தேன் வாயு. மீத்தேன் எரியக்கூடியது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்குவது. பையின் வாயை முடிகிறபோது காற்றை அடைக்கிறோம். அந்தப் பைகள் லாரி லாரியாக ஓரிடத்தில் குவிந்தால், மலையளவு மீத்தேன் அடுப்பு தயார்.

சென்னைக்குத் தெற்கே பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரல் மாதக் கடைசியில் தீப்பிடித்தது. அணைக்கப் பல நாள் ஆனது. சுற்றுவட்டாரத்து மக்கள் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். அந்த மேடு நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். மழைநீரைத் தாங்கி நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்கும் நிலம் அது. ஆயிரக்கணக்கான பறவைகள் வந்திறங்கும் நிலம். அதே 2022ஆம் ஆண்டுதான் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பழைய குப்பையைத் தோண்டி, பெரிய சல்லடை இயந்திரங்களில் சலித்து, மண் தனி, பிளாஸ்டிக் தனி, கல் தனி என்று பிரிக்க இறங்கினார்கள். பல ஆண்டு வேலை, கோடிக்கணக்கில் செலவு. சமையலறையில் தோலை இந்தப் பக்கமும் உறையை அந்தப் பக்கமும் போட்டிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மக்கும் குப்பை தனியாக, மக்காத குப்பை தனியாக, பேட்டரி, பூச்சிமருந்து டப்பா போன்ற ஆபத்தானவை தனியாக. நேயர்களில் பலருக்கு ஒரு குறை இருக்கும். "நான் ஒழுங்காகப் பிரித்துத்தான் கொடுக்கிறேன், ஆனால் வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள், பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?" இந்தக் குறை எனக்கும் இருந்தது. பல மாதம் மனு எழுதினேன், சண்டை போட்டேன். பிறகுதான் ஒன்று புரிந்தது. ஈரக் குப்பை என் வீட்டை விட்டு வெளியேறினால்தானே அதை யாராவது கலக்க முடியும்? நம் வீடுகளின் குப்பையில் ஏறக்குறைய பாதிக்கு மேல் ஈரக் குப்பைதான். அது வீட்டோடு நின்றுவிட்டால், வண்டியில் ஏறுவது காய்ந்த பொருள்கள் மட்டும். கலந்தாலும் கெடாது.

முதல் முயற்சியில் நான் தவறு செய்தேன். பெயின்ட் வாளி ஒன்றில் ஓட்டை போட்டு, தினமும் காய்கறிக் கழிவைப் போட்டு மூடி வைத்தேன். பத்தாம் நாள் திறந்தால் அடியில் தண்ணீர் தேங்கி, புழு நெளிந்து, பக்கத்து வீட்டு அம்மா மொட்டைமாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். நான் விட்டது ஒன்றே ஒன்று: காய்ந்த சருகு. காய்கறிக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். நுண்ணுயிர்களுக்கு அதோடு கரிச்சத்தும், அதாவது கார்பனும், வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு முப்பது பங்கு கரி என்பது கணக்கு. அந்தக் கரி சருகில் இருக்கிறது, தென்னை நார்த்தூளில் இருக்கிறது. வீட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு கை கழிவு போட்டால் இரண்டு கை சருகு போடுங்கள். மேலே எப்போதும் சருகுதான் தெரிய வேண்டும், தோல் கண்ணில் படக்கூடாது. நாற்றமும் ஈயும் அதோடு அடங்கிவிடும்.

வாளியை விட மண்பானை நல்லது, சுவரே மூச்சு விடும். பக்கத்தில் ஓட்டை உள்ள பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விற்கிறார்கள். தொடங்கும்போது புளித்த மோரோ கரைத்த சாணமோ ஒரு டம்ளர் தெளியுங்கள். வாரம் ஒரு முறை கிளறுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை வாசனை வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். சிறுநீர் நெடி அடித்தால் சருகு போதவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் எரு தயார். புழுவைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. அந்த ஈ நம்மைக் கடிக்காது, வீட்டு ஈயைப் போல நம் சாப்பாட்டை நாடி வராது. புழுவோ கழிவைத் தின்று பாதியாக்கிவிடும்.

பானைக்குள் பெரிய சூடு ஏறாது. அதனால் விதை சாகாது. என் தொட்டிகளில் நான் போடாத தக்காளியும் பரங்கியும் முளைப்பது அதனால்தான். விதையும் சாக வேண்டும் என்றால் மூன்றடி உயரம், மூன்றடி அகலமாவது குவியல் வேண்டும். எங்கள் தெருக்கோடியில் கம்பிவலையை வட்டமாக வளைத்து அப்படி ஒன்று வைத்திருக்கிறோம். நான்காம் நாள் கையை உள்ளே விட்டால் தாங்காது, அறுபது டிகிரி வரை போகும். பனிக்காலத்து விடியலில் அதிலிருந்து ஆவி எழும். முதல் முறை அதைப் பார்த்து, ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று எதிர் வீட்டுப் பெரியவர் குடத்தோடு ஓடி வந்தார். இன்று அந்தக் குவியலைக் கிளறிவிடும் பொறுப்பு அவருடையது.

காய்ந்த குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, காயலான் கடைக்காரருக்கு நம்மை விட நன்றாகத் தெரியும். நனையாத காகிதம், அட்டை, தகரம், அலுமினியம், பாட்டில் எல்லாம் அவருக்குக் காசு. பால் உறையைக் கழுவிக் காயவையுங்கள். வெட்டும்போது மூலைத் துண்டு உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். தனியாக விழும் அந்த நகக்கண் அளவு துண்டை யாராலும் பொறுக்க முடியாது, அது நேராகச் சாக்கடைக்குப் போகும். அவர் வாங்க மறுப்பது சிப்ஸ் உறை. பளபளப்பான அந்தத் தாளில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியிருக்கின்றன, பிரித்தெடுக்க முடியாது. அதை வீட்டுக்குள் விடாமல் இருப்பதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. 2021 டிசம்பரில் மஞ்சப்பையையும் மீண்டும் கையில் கொடுத்தார்கள். பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கினால்தான் கடைக்குப் போகும். பீரோவில் இருந்தால் போகாது.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒரு நாள் கையில் கட்டோடு வந்தார். "உடைஞ்ச கண்ணாடி டம்ளர் டீச்சர். பையைத் தூக்கினேன், கிழிச்சிடுச்சு" என்றார். கையுறை போட்டிருந்தும் கிழித்திருந்தது. யார் வீட்டுப் பை என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே எழுதி, அவர் கையில் கொடுக்கிறோம். நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்கிறோம். டியூப்லைட்டை உடைக்காமல் கொடுக்க வேண்டும், உள்ளே பாதரசம் இருக்கிறது.

இது பங்குனி. வேம்பும் புங்கையும் உதிர்த்துக்கொண்டிருக்கின்றன. தெருவில் சருகைக் கூட்டி நெருப்பு வைப்பதும் இந்த மாதத்தில்தான். ஐப்பசி மழையில் ஒரு பிடி காய்ந்த இலைக்கு நாம் அலைவோம், அப்போது கிடைக்காது. நாளைக் காலை வாசல் பெருக்கும்போது சருகைச் சாக்கில் அள்ளி, மழை படாத மூலையில் வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏழெட்டுச் சாக்கு இருந்தால் அடுத்த பங்குனி வரை வரும். வேப்பிலை சின்னதாக இருப்பதால் அப்படியே போடலாம். மாவிலை கெட்டி, காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.