தலையெழுத்தை அழிக்கும் சுண்ணக்கட்டி

அவையோருக்கு என் வணக்கம்.

2006ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ரஷ்யத் திரையரங்குகளுக்கு வந்த ‘த்னெவ்னோய் தஸோர்’, அதாவது ‘பகல் காவல்’ என்னும் படத்தைக் குறித்துப் பார்வையாளர்கள் சொல்லிவரும் கருத்துகளையே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். திமூர் பெக்மாம்பெத்தொவ் 2004இல் இயக்கிய ‘இரவுக் காவல்’ படத்தின் தொடர்ச்சி இது. ஒளியின் பக்கம் நிற்கும் மாயசக்தியாளர்களும் இருளின் பக்கம் நிற்பவர்களும் இன்றைய மாஸ்கோவில் ஒருவரையொருவர் கண்காணித்து வாழ்கிறார்கள் என்பது இரண்டு படங்களுக்கும் அடிப்படை. இரண்டாவது படம் ரஷ்யாவிலும் அண்டை நாடுகளிலுமாக மூன்று கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனாலும் அதைப் பற்றிய பேச்சில் பாராட்டுக்கு இணையாகக் குறையும் கேட்கிறது.

முதலில் இப்படத்துக்கு மூலமான நாவலின் வாசகர்களைச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் செர்கேய் லுக்யானென்கோவின் நாவல் வரிசையில் இரண்டாம் நூலின் பெயரைத் தாங்கி வந்த இப்படம், கதையை எடுத்துக்கொண்டதோ 1998இல் வெளியான முதல் நூலின் பிற்பகுதிகளிலிருந்து. அதையும் வெகுவாக மாற்றிவிட்டது. அவர்களுடைய வருத்தம் நியாயமானதே. எனினும் திரைக்கதையில் லுக்யானென்கோவுக்கும் பங்கு உண்டு என்பதால், ஆசிரியருக்குத் துரோகம் நடந்தது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்த குறை, வாணவேடிக்கை மிகுதி என்பது. அலிஸா என்ற இருள்பக்கப் பெண், 1980 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட கோஸ்மோஸ் விடுதியின் வளைந்த முகப்பில் தன் சிவப்புக் காரை ஏற்றி, செங்குத்தான கண்ணாடிச் சுவர்மீது சாலையில் செல்வதுபோல ஓட்டி, சன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறாள். கதைக்கு இது தேவையா என்று கேட்டால், தேவையில்லை. ஆனால் ஒஸ்தான்கினோ தொலைக்காட்சிக் கோபுரம் சரியும் காட்சியை நான் அதே கணக்கில் சேர்க்கமாட்டேன். 2000 ஆகஸ்டில் அந்தக் கோபுரம் உண்மையிலேயே தீப்பற்றி, மாஸ்கோவின் தொலைக்காட்சித் திரைகள் இருண்டுபோயின. அதைக் கண்டவர்களுக்கு இது வெறும் கணினி வித்தையாக இருந்திருக்க முடியாது.

ஆர்ப்பாட்டத்தை மட்டுமே பேசுகிறவர்கள் நடிப்பைத் தவறவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். ஒளியின் பக்கம் நிற்கும் கதாநாயகன் அன்தோனின் உயிரை, அதே பக்கத்தைச் சேர்ந்த ஓல்கா என்ற பெண்ணின் உடலுக்குள் ஒளித்துவைக்கும் பகுதியில், ஓல்காவாக நடிக்கும் கலீனா தியூனினா ஓர் ஆணின் கூச்சத்தையும் தடுமாற்றத்தையும் குரலை மாற்றாமல், தோளாலும் நடையாலும் காட்டுகிறார். தன்னைக் காதலிக்கும் ஸ்வெத்லானாவின் எதிரே வேறொருத்தியின் முகத்தோடு நிற்கும் அந்த மனிதனின் தவிப்புக்கு எந்தக் கணினியும் உதவவில்லை.

எல்லாவற்றையும்விட அதிகமாகச் சர்ச்சைக்குள்ளானது முடிவு. தலையெழுத்தை அழித்து எழுதும் சுண்ணக்கட்டி ஒன்று கதையில் வருகிறது. அவரவர் செய்த பிழையை அவரவரே அதைக்கொண்டு திருத்த முடியும். 1992இல், பிரிந்துபோன மனைவியை மீட்க அன்தோன் ஒரு சூனியக்காரியிடம் சென்று, மனைவியின் வயிற்றிலிருந்த கருவை அழிக்க இசைந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அழியாமல் பிறந்து, தன் மகனே என்று தெரியவந்த அந்தப் பிள்ளை இருளின் பக்கம் போய்விட்டான். மாஸ்கோ இடிந்து விழும் வேளையில் அன்தோன் சூனியக்காரியின் அதே பழைய வீட்டைத் தேடிப்போய், சுவரில் ‘நியெத்’, அதாவது ‘இல்லை’ என்று ரஷ்ய மொழியின் மூன்றே எழுத்துகளில் எழுதுகிறான். காலம் 1992க்குத் திரும்புகிறது. நடந்தவை யாவும் நடக்காதவையாகின்றன.

‘அப்படியானால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக எதைப் பார்த்தோம்?’ என்பது பலரின் கேள்வி. இதற்கு என்னுடைய விடை அந்த ஆண்டிலேயே இருக்கிறது. சோவியத் ஒன்றியம் கலைந்து சில நாள்களில், 1992 ஜனவரி 2ஆம் தேதி, ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வாழ்நாள் சேமிப்பு சில மாதங்களில் மதிப்பிழந்தது. குடும்பம் குடும்பமாக மனிதர்கள் தடம் மாறிய அந்த ஆண்டுக்குத் திரும்பிப்போய் ‘இல்லை’ என்று எழுத ஒரு சுவர் கிடைக்காதா என்னும் ஏக்கத்தைச் சுமந்த ஒரு தலைமுறைக்கு இம்முடிவு குறுக்குவழியாகத் தோன்றியிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

ஆயினும் ஒரு மறுப்புக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. 1992இல் அன்தோனிடம், அக்குழந்தை வேறொருவனுடையது என்றே சூனியக்காரி சொல்லியிருந்தாள். திரும்பக் கிடைத்த அந்த நாளில் அவன் மறுத்து வெளியேறுகிறான், தெருவில் ஸ்வெத்லானாவைச் சந்திக்கிறான், பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. ஆனால் அது தன் பிள்ளை என்று அவனுக்கு இப்போது தெரியாது. மகனுக்காகவே அத்தனையையும் அழித்து எழுதியவன், மகன் இருப்பதையே அறியாமல் நடந்து போகிறான்.