மீசை அரும்பிய பிறகு

நண்பர்களே, இளம் நடிகர் ஒருவர் தேறுவாரா என்பதை முதல் படத்திலேயே சொல்லிவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் பார்ப்பது, முதல் கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர் எங்கே போனார் என்பதைத்தான்.

கமல்ஹாசனை எடுத்துக்கொள்வோம். 1960இல் 'களத்தூர் கண்ணம்மா' வந்தபோது அவருக்கு ஐந்து வயது. 'அம்மாவும் நீயே அப்பாவும் நீயே' பாட்டு எல்லோருக்கும் தெரியும். குரல் எம்.எஸ். ராஜேஸ்வரியுடையது, முகம் பையனுடையது. வளர்ந்த பெண்ணின் குரலுக்கு ஒரு குழந்தையின் உதடும் கண்ணும் ஈடுகொடுத்தன. குடியரசுத் தலைவர் விருதும் வந்தது. இன்னும் சில படங்கள். அப்புறம் பையன் வளர்ந்துவிட்டான்!

குழந்தை நட்சத்திரத்துக்கு இதைவிடப் பெரிய இடி கிடையாது. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. தொட்டிலுக்கும் ஆகாது, மணமேடைக்கும் ஆகாது. அந்த வயதில்தான் அவர் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் பழகினார். நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பதக்கம் வாங்கிய பையன் கேமராவுக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்கு அசைவு சொல்லிக்கொடுத்தான். ஒரு காணொளி நன்றாக ஓடிவிட்டால் கதாநாயகன் வேடத்துக்குக் குறைந்து எதற்கும் வரமாட்டேன் என்கிற தம்பிகளை நினைத்துக்கொள்கிறேன். சரி, அது என் வயதின் புலம்பல்.

1973இல் இயக்குநர் கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்', சின்ன வேடம். 1975இல் அதே பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்'. அதற்காக மிருதங்கம் கற்றுக்கொண்டார்.

ஆனால் எனக்குப் பிடித்த சான்று 1977இல் வந்த '16 வயதினிலே'. காதல் நாயகனாகப் பெயர் எடுத்துக்கொண்டிருந்த 22 வயது இளைஞர், வெற்றிலை அதக்கிய வாயும் இழுத்து நடக்கும் காலுமாகச் சப்பாணியாக வந்து நின்றார். ஆடிப் பழகிய உடம்பு அது. தாளம் தெரிந்த காலுக்குத்தான் தாளம் தப்பி நடக்கவும் தெரியும் என்று எனக்குத் தோன்றும். சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்று கதாநாயகி மயில் சொல்லிக்கொடுக்கிறாள். அவன் ஊர் வம்பன் பரட்டையை அறைகிறான். இன்று வீட்டுக்குப் போய் அந்தக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அறைகிற கையை விட்டுவிடுங்கள், காலைப் பாருங்கள்.