கிரவலுக்குள் கிடக்கும் கல்

நேயர்களே, வணக்கம். வன்னியில் இருக்கிற நமக்குக் கிரவல் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மாரிக்கு முன் இந்தச் சரளை மண்ணை ஒழுங்கைக்குக் கொட்டுகிறோம், வளவு நிரப்புகிறோம், டிப்பர் பறித்துவிட்டுப் போனபின் அதற்குள் என்ன கிடக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆதிமனிதன் செதுக்கிய கல்லாயுதம் அதற்குள் கிடக்கலாம், பாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

செம்மணலும் அதன் அடியில் சரளையுமாக இருக்கிற ஒரு பழைய படிவுக்கு ஆய்வாளர்கள் நம்முடைய இரணைமடுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல இந்தப் படிவில் கல்லாயுதங்களைப் பதிவு செய்தவர். அதே படிவு அம்பாந்தோட்டைப் பக்கம் பதிராஜவெலவிலும் உண்டு, அங்கே கிடைத்தவை ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகள் பழையவை.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. 1863 மே 30, சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம். ரொபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டார். குழியை வெட்டியவர்களும் அதைக் கண்டிருப்பார்கள், ஆனால் ஃபூட்டுக்குத்தான் அது மனிதன் செதுக்கிய கல் என்று புரிந்தது. யோசித்துப் பாருங்கள், நம் கிரவல் குழி மாதிரி ஒரு குழிதான் அது! அந்தச் செப்டம்பரிலேயே அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் என்ற கல்லாயுதத் தலத்தைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, ஆற்றங்கரையில் என்ன தேடுவது? எல்லோரும் கைக்கோடரியை, அதாவது கையில் பிடித்து வெட்டச் செதுக்கிய கல்லைத் தேடுகிறார்கள், நான் சில்லைத் தேடச் சொல்வேன். ஆயுதத்தை மனிதன் எங்கும் கொண்டு போவான், செதுக்கும்போது தெறித்த சில்லுகளைப் பெரும்பாலும் போட்ட இடத்திலேயே விட்டுவிடுவான், அதனால் சில்லும், அது உடைந்த கருக்கல்லும், அடித்த உருண்டைக் கல்லும் ஒன்றாகக் கிடந்தால் அங்கேதான் வேலை நடந்திருக்கிறது. சில்லின் உட்பக்கத்தை விரலால் தடவுங்கள், அடி விழுந்த முனைக்குக் கீழே சின்னப் புடைப்பு இருக்கும். நம் பக்கத்து வெள்ளைப் படிகக்கல்லில் அது தெளிவாக வராது, அதனால் ஒற்றைக் கல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், சில்லைப் பாருங்கள்.

வயதைக் கணிப்பது பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: கல்லை மூடிய மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை அளக்க முடியும். அப்படித்தான் அத்திரம்பாக்கத்தின் ஒரு அடுக்குக்கு 3,85,000 ஆண்டு என்று வந்தது, அதற்கும் கீழே உள்ளவை வேறு முறையில் 15 லட்சம் ஆண்டு. கல்லை வீட்டுக்குக் கொண்டுபோனால் மணல் அங்கேயே நின்றுவிடும். ஆகவே படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், கல்லை அங்கேயே விட்டுவிட்டுத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வணக்கம்.